பட்டியலில் இல்லாத பொருள்

நவம்பர் 12, செவ்வாய்

காலையில் மழை விட்டிருந்தது. இரண்டு நாளாகத் துணி காயவில்லை, வீடெல்லாம் ஈர வாடை.

ஜெனித் வார நாட்களில் என்னோடுதான் இருக்கிறான். முதுநகரிலிருந்து குடிகாட்டுப் பக்கம் அவன் கம்பெனிக்குப் பைக்கில் பத்து நிமிஷம். சனிக்கிழமை சாயங்காலம் சிதம்பரத்துக்கு, மனைவி மாலதியிடமும் குழந்தையிடமும் போய்விடுவான். இன்று இட்லி சாப்பிடும்போது ஒரு தாளை நீட்டினான்.

"மா, இந்த இங்கிலீஷக் கொஞ்சம் பாத்துக் குடு. பத்து மணிக்குள்ள மெட்ராஸுக்கு மெயில் போவணும்."

அவர்கள் கம்பெனி சின்னது, நாற்பது பேர். அங்கே செய்கிற ஒரு ரசாயனம் முதல் முறையாகக் கப்பலில் வெளிநாடு போகிறது. நாற்பது டிரம். வாங்குகிற நாட்டு அதிகாரிகள் நம் அரசாங்கத்திடம் 'இது எதற்குப் பயன்படும்' என்று கேட்டிருக்கிறார்கள். நம் அரசாங்கம் கம்பெனியைக் கேட்டிருக்கிறது. கம்பெனி எழுதித் தர வேண்டும். ஜெனித் எழுதியிருந்தது மூன்று வரி. அதில் நான்கு பிழை.

"வாங்குறவங்க இத வச்சு என்னாடா பண்ணப் போறாங்க?"

"பெயிண்டுன்னு போடு."

"பெயிண்டுன்னு போடவா, பெயிண்டுதானா?"

"டீச்சர் கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டாங்கப்பா." சிரித்தான். "கேட்டா ஒரு பதில் போவணும். அவ்ளோதான் மா."

அந்த மூலக்கூறை வரைந்து காட்டச் சொன்னேன். முப்பத்து மூன்று வருஷம் வேதியியல் நடத்தியவளுக்கு அந்த ஆசை போகாது. கரண்டு பில்லின் பின்புறத்தில் அழகாக வரைந்தான். ஓர் ஓரத்தில் தேவையே இல்லாமல் ஓர் அணுத் தொகுதி தொங்கிக்கொண்டிருந்தது. இது எதற்கு இங்கே என்று கேட்டேன்.

"அது இருக்குற வரைக்கும் லிஸ்ட்ல வராது மா. அங்க போனதும் எடுத்துடுவாங்க."

பத்தாம் வகுப்பில் கணக்குக்கு நூறு வாங்கி வந்தபோது இருந்த அதே முகம். என்ன லிஸ்ட் என்று கேட்க வாயெடுத்தேன். பால்காரர் மணி அடித்தார். போய்விட்டேன்.

கடிதத்தை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதினேன். வெறுமனே பெயிண்ட் என்றால் யார் நம்புவார்கள்? எடுத்துக்காட்டு வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பை எப்படி அரிக்கும், படகுகளுக்கும் துறைமுகத் தூண்களுக்கும் பூசுகிற கெட்டிப் பூச்சில் இந்தப் பொருள் எப்படி உதவும் என்று எழுதினேன். நம் துறைமுகத்தின் துருப்பிடித்த கிராதிகளை நினைத்துக்கொண்டு எழுதியது. படித்துவிட்டு, "நீ எங்க கம்பெனியிலயே சேந்துடு மா" என்றான்.

சின்னப் பெருமைதான். இல்லை என்று எழுதினால் பொய்.

நவம்பர் 25, திங்கள்

ஒரே கடிதத்தில் முடிந்துவிட்டதாம், மேற்கொண்டு கேள்வி வரவில்லை. "யாருய்யா எழுதுனது?" என்று முதலாளி கேட்டாராம். ஜெனித் மைசூர்பாகு வாங்கி வந்தான். சர்க்கரை வியாதிக்காரிக்கு மைசூர்பாகு.

டிசம்பர் 3, செவ்வாய்

தெருவில் முழங்கால் தண்ணீர். ஜெனித் கம்பெனியிலேயே தங்கிவிட்டான், டிரம்களை மேடான இடத்துக்கு ஏற்ற வேண்டுமாம். "பத்திரமா இருக்கியாடா?" என்று கேட்டேன். "சரக்கு பத்திரமா இருக்கு மா" என்றான்.

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கல் விடுமுறை முடிந்து சிதம்பரத்திலிருந்து திரும்பினேன். சரக்கு கப்பலேறிவிட்டது, ஜெனித்துக்குச் சம்பளம் கூடியிருக்கிறது, புது வாஷிங் மெஷின் வந்திருக்கிறது. அதன் முன்னால் நின்று சோப்புத்தூள் எப்படி அழுக்கை எடுக்கிறது என்று அவன் சுவேதாவுக்குப் பாடம் நடத்த, மாலதி சொன்னாள்: "அத்தே, உங்க பரம்பர வியாதி எம்பொண்ணுக்கும் வந்துடும் போலருக்கு. துணி வெளுத்தா போதும்னு சொல்லுங்க அவருகிட்ட."

சுவேதாவுக்கு ஆறு வயது. அழுக்கு எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 21, வெள்ளி

பேப்பரில் உள்பக்கத்தில் சின்னச் செய்தி. வியன்னாவில் பல நாடுகள் கூடி, போதை மாத்திரைகள் செய்ய உதவும் சில ரசாயனங்களைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. நீளமான பெயர்கள். வேதியியல் பெயர் பேப்பரில் வந்தால் எனக்குச் சந்தோஷம். ஜெனித்துக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டாவது பெயர் வந்ததும் அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான். தட்டில் ஒன்றரை தோசை மீதி.

ஜூலை 9, புதன்

ஜெனித்தைக் கூட்டிப் போய்விட்டார்கள்.

காலை ஏழரை மணி. ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வண்டி. போதைப்பொருள் தடுப்புப் பிரிவாம். போதைப்பொருளா – எம்புள்ள ஒரு சிகரெட்டு தொட்டதில்ல, யார் வீட்டுக்கு வந்து என்னா பேசறீங்கன்னு கேட்டேன். கேட்டேனா, மனசுல நெனச்சேனா, இப்ப தெரியல.

போனையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டார்கள். வாசலில் திரும்பி அவன் சொன்னது ஒன்றுதான்: "மாலதிகிட்ட நீயே போய் சொல்லு மா. போன்ல சொல்லாத."

பஸ் பிடித்து சிதம்பரம், அங்கிருந்து கீரப்பாளையம். மாலதி ஒன்றிய அலுவலகத்தில் கிளார்க். என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, "சுவேதாவுக்கு என்னா?" என்றாள். சுவேதாவுக்கு ஒன்றுமில்லை என்றேன். அவள் அப்பாடா என்று உட்கார்ந்தாள். அதற்கப்புறம் நான் சொல்ல வேண்டியிருந்தது.

ஜூலை 11, வெள்ளி

வக்கீல் திருநாவுக்கரசுவைப் பார்த்தோம். கோர்ட் வளாகத்து டீக்கடையில் நின்றபடியே பேசினார்.

"பதறாதீங்க டீச்சர். சரக்கு போனது ஜனவரியில. வியன்னாவுல நாடுங்கள்லாம் ஒக்காந்து இந்தப் பொருள லிஸ்ட்ல சேத்ததே மார்ச்சுலதான். அது அமலுக்கு வர ஆறு மாசம். அதுக்கு மேல நம்ம கவர்மென்ட்டு தனியா கெஜட்ல போடணும். ஆக, ஜனவரியில அது சர்க்கர மாதிரி. யாரு வேணா யாருக்கு வேணா விக்கலாம்."

"அப்ப ஏன் சார் புடிச்சாங்க?" மாலதி.

"அங்க அத வச்சு போத மாத்திர செய்யப் போறானுங்கன்னு தெரிஞ்சே அனுப்பிட்டாருன்னு சொல்றாங்க. தெரிஞ்சேங்கறதுதான் கேஸு. மொதலாளி வெளிநாட்டுல உக்காந்துட்டான். மத்தவங்க யாரு வந்து அவருக்குத் தெரியும்னு சொல்லப் போறா?"

மாலதிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இரண்டு நாளில் முதல் முறையாக ஒரு பன் சாப்பிட்டாள்.

எனக்கு அவன் அன்று இட்லி சாப்பிடும்போது சொன்னது ஞாபகம் வந்தது. அங்க போனதும் எடுத்துடுவாங்க. யார் எடுப்பார்கள்? எதற்காக?

ஜூலை 17, வியாழன்

எழிலரசி என்று ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு என் கடிதத்தின் நகலை மேஜையில் வைத்தார்.

"இந்தக் கம்பெனியில இப்படி எழுதுறவங்க யாருமில்ல. யாரும்மா எழுதுனது?"

"நான்தான்."

அவர் உடனே எதுவும் குறித்துக்கொள்ளவில்லை. அந்த வெளிநாட்டிலிருந்து வந்த கேள்வி இவருடைய மேஜைக்குத்தான் வந்ததாம். பட்டியலில் இல்லாத பொருளைச் சட்டத்தால் தடுக்க முடியாது. கேட்க மட்டும்தான் முடியும். அந்த நாட்டு அதிகாரி இவரைக் கேட்டார். இவர் கம்பெனியைக் கேட்டார். கம்பெனி என் கடிதத்தைக் கொடுத்தது. அதைப் படித்துவிட்டு, சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று இவர் பதில் எழுதினார்.

"படகு, துறைமுகம், உப்புக் காத்துன்னு எழுதியிருந்தீங்க. எனக்குச் சொந்த ஊரு நாகப்பட்டினம். எங்கப்பா படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறது அப்படியே கண்ணுல தெரிஞ்சுது. நம்பிட்டேன்."

அந்த நாற்பது டிரம்மில் எவ்வளவு மாத்திரை ஆகும் என்று கேட்டேன். கணக்குச் சொல்லவில்லை. ஓர் ஆள் சாக எவ்வளவு போதும் என்பதை மட்டும் சொன்னார் – பொடி உப்பில் சில துகள் அளவு. சரக்கு போன நாட்டில் ஒரு கல்லூரி விடுதியில் ஒரே வாரத்தில் நாலு பேர் இறந்திருக்கிறார்கள். பரீட்சைக்குக் கண்விழிக்க மாத்திரை என்று வாங்கியிருக்கிறார்கள்.

"வயசு?"

"பதினெட்டு, பத்தொம்பது. எந்தச் சரக்குலேர்ந்து வந்த மாத்திரன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. உங்க புள்ள அனுப்புனது அதுல இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்."

கிளம்பும்போது கேட்டார்: "இது எதுக்குப் போவுதுன்னு அவர் உங்ககிட்ட எதுனா சொன்னாரா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாஜிஸ்ட்ரேட் முன்னால் கேட்பார்கள், சத்தியம் செய்துவிட்டுச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். நான் குடித்த டம்ளரையும் சேர்த்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 18, வெள்ளி

வகுப்பில் இதை எப்படிச் சொல்லியிருப்பேன்?

வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிற பிள்ளை வெளியே போனால் வாட்ச்மேன் தடுப்பார். பெயர் இல்லாத பிள்ளையை எதைக் காட்டித் தடுப்பார்? பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டால் போதும், நேற்றுவரை பதிவேட்டில் இருந்த பிள்ளை இன்று இல்லாத பிள்ளை. மூலக்கூறிலும் அப்படித்தான். ஓரத்தில் ஒன்றைத் தொங்கவிட்டால் பெயர் வேறு. வாசலைத் தாண்டியதும் கழற்றிவிடலாம். நாடுகள் கூடி அந்தப் புதுப் பெயரையும் எழுதிச் சேர்ப்பதற்குள் இன்னொன்று தயாராகிவிடும். இடையில் இருப்பது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி மட்டும்தான். அந்த நாட்டில் ஒருவர் கேட்டார். இங்கே ஒருவர் கேட்டார். கடைசியில் அது என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போனேன். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்துப் பெஞ்சில் யாரும் என்னைப் பார்த்துக் கை கூப்பவில்லை. பாதியில் வந்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

சிறையில் மனு எழுதிக் கொடுத்து ஜெனித்தைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். பேச ஒரு போன். தாடி வந்திருக்கிறது. அவனுக்குத் தாடி இவ்வளவு நரைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. முப்பத்து நாலு வயது.

"அந்த ஆபீசர் அம்மாகிட்ட என்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல, இன்னும்."

"சொல்லாத."

"உனக்குத் தெரியுமா, தெரியாதாடா?"

போனை மறு காதுக்கு மாற்றினான். "லிஸ்ட்ல வராம ஒண்ணு செய்ய முடியுமான்னு மொதலாளி கேட்டாரு. முடியும்னேன். செஞ்சேன். சட்டப்படி அன்னிக்கு அது தப்பு இல்ல மா."

"நான் சட்டத்தக் கேக்கல."

"நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தான? வரைஞ்சு காட்டுனேன்ல? நீ ஏன் கேக்கல?"

பதினைந்து நிமிஷம் முடிந்துவிட்டது என்றார்கள். முடியாமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஆகஸ்ட் 4, திங்கள்

சிதம்பரம். சுவேதாவிடம் அப்பா கப்பலில் சரக்கோடு போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறாள் மாலதி. கப்பலில் படுத்துத் தூங்கினால் உருண்டு விழுந்துவிட மாட்டாரா என்று குழந்தை என்னிடம் கேட்டாள். கட்டிலைச் சுற்றிக் கட்டை இருக்கும் என்றேன். நானும் அந்தப் பொய்யில் சேர்ந்துகொண்டேன்.

ஜெனித் அன்று சொன்னதை மாலதியிடமும் வக்கீலிடமும் முன்பே சொல்லியிருந்தேன். குழந்தை விளையாடப் போன பிறகு அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினாள். திரும்பவில்லை.

"அத்தே, உங்கள நான் பொய் சொல்லச் சொல்லல. ஞாபகம் இல்லன்னு சொல்லுங்க, போதும். அறுவத்தாறு வயசுல ஞாபகம் இல்லன்னா யாரு தப்பா நெனப்பா? வக்கீலும் அதத்தான் சொல்றாரு. நீங்க சொன்னாதான் கேஸு. இல்லன்னா ரெண்டு மாசத்துல வெளிய வந்துடுவாரு."

"நாலு பசங்க செத்திருக்காங்கம்மா."

"செத்தவங்களுக்காக எம்பொண்ணு அப்பா இல்லாம இருக்கணுமா?" கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "நான் கல்யாணம் பண்ணி வந்தப்ப ரெண்டு பக்கத்துலயும் ஒருத்தரும் பேசல. நீங்க ஒருத்தர்தான் அத்தே வாசல்ல வந்து நின்னீங்க. அதுக்காகவாவது."

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மூன்று நாளாக ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதிவிட்டால் விடுமோ என்னவோ.

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அவர் வருமுன்பே எந்த மேஜையில் எந்த உப்பு என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான்தான் சொல்வேன். கரைசல் அளவும் சொல்லிவிடுவேன்: முதல் அளவீடு இது, இரண்டாவது இது, மூன்றாவதை ஒரு புள்ளி மாற்றி எழுதுங்கள், அப்போதுதான் உண்மை போல இருக்கும். எல்லாப் பள்ளியிலும் அதுதான் வழக்கம். வந்த தேர்வாளரும் தன் பள்ளியில் அதையே செய்துவிட்டுத்தான் வந்திருப்பார். ஐம்பதுக்கு ஐம்பது. பிள்ளைகள் பாவம், ஒரு மதிப்பெண்ணில் காலேஜ் சீட்டு போய்விடும். அப்படித்தான் சொல்லிக்கொண்டோம்.

ஜெனித்தின் ரெக்கார்டு நோட்டில் படங்களை நான்தான் வரைந்தேன். அவனுக்கு அப்போது மஞ்சள் காமாலை. செய்யாத சோதனைகளுக்கு முடிவுகளும் நானே எழுதினேன். "செய்யவே இல்லியே மா?" என்று கேட்டான். நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "ரெக்கார்டு யாருடா படிப்பாங்க? சுத்தமா இருந்தா கையெழுத்து போட்டுடுவாங்க."

பதினேழு வயதுப் பையனிடம் சொன்னேன். அவன் அதை மறக்கவில்லை. கேட்டா ஒரு பதில் போவணும், அவ்ளோதான்.

நான் அந்தக் கடிதத்தை ரெக்கார்டு நோட்டாகத்தான் நினைத்து எழுதியிருக்கிறேன். சுத்தமாக, படத்தோடு, மூன்றாவது அளவீட்டை ஒரு புள்ளி மாற்றி. அதைப் படிக்க ஒருவர் இருந்தார். படித்தார். நம்பினார்.

ஆகஸ்ட் 13, புதன்

ஞாபகம் இல்லை. சமையலறையில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாஜிஸ்ட்ரேட் சின்ன வயதுப் பெண். யாரும் கட்டாயப்படுத்தினார்களா, பயப்படுகிறீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, அன்றைக்கு உங்கள் மகன் என்ன சொன்னார் என்று கேட்டார்.

தட்டச்சு செய்கிறவர் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. ஜெனித் பிறந்த அன்று பெய்த மழை ஞாபகம் வந்தது, சம்பந்தமே இல்லாமல். சுவேதா, கப்பல் கட்டில், கட்டை.

"'அது இருக்குற வரைக்கும் லிஸ்ட்ல வராது, அங்க போனதும் எடுத்துடுவாங்க'ன்னு சொன்னான்."

என்ன லிஸ்ட் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும், கடிதம் முழுக்க என்னுடையது, அதில் இருக்கிற பொய்யும் என்னுடையது – இதையும் சொன்னேன். அவன் வரைந்த தாளையும் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வக்கீல் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். "டீச்சர்..." என்றார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஜாமீன் தள்ளுபடி. மாலதி போன் செய்தாள். "இனிமே நீங்க எங்க வீட்டுக்கு வர வேணாம்." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 4, வியாழன்

மனு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காவலர் வந்து, "வரமாட்டேன்னுட்டாரும்மா" என்றார். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார். நல்ல மனிதர்.

செப்டம்பர் 11, வியாழன்

வரவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

வரவில்லை. போன வாரம் காய்ச்சல், போக முடியவில்லை. நான் வராததை அவன் கவனித்திருப்பானா?

அக்டோபர் 9, வியாழன்

இன்றைக்கும் இல்லை. காவலர், "எதுக்கும்மா இவ்ளோ தூரம் அலையறீங்க, வயசான காலத்துல?" என்றார். மூன்று கிலோமீட்டர்தானே என்றேன்.

அக்டோபர் 27, திங்கள்

எழிலரசி போனில் பேசினார். அந்தத் தாளில் இருந்த படத்தை வைத்து, இதே தந்திரம் இன்னும் எந்தெந்த வடிவில் வரலாம் என்று ஒரு குறிப்பு எழுதிப் பல நாடுகளுக்கு அனுப்பினார்களாம். கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு சரக்கை நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார். வேறு நாடு, வேறு கம்பெனி. பதில் சொல்ல யாரும் வரவில்லை. சரக்கு அங்கேயே நிற்கிறது.

"உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சும்மா." பிறகு, "எனக்கு மெமோ வந்திருக்கு. விசாரிக்காம பதில் எழுதிட்டேன்னு. சரியாத்தான் கேட்டிருக்காங்க" என்றார்.

நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். எதை நல்லது என்றேன்? அப்புறம் துணி மடித்தேன். அவன் சட்டை ஆறு இங்கேயே கிடக்கின்றன. தோய்த்து வைத்ததையே மறுபடி தோய்த்திருக்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

காலை ஏழு மணிக்கு மாலதியிடமிருந்து போன். மூன்று மாதத்துக்குப் பிறகு.

"இன்னிக்கு மனுவுக்குப் போறீங்களா?"

"போறேம்மா."

"நானும் வரேன். பஸ் ஏறிட்டேன்."

பஸ் ஸ்டாண்டில் நின்றேன். இளைத்திருக்கிறாள். ஷேர் ஆட்டோவில் எதிரெதிரே உட்கார்ந்தோம், பேசவில்லை. சிறை வாசலில் என்னிடமிருந்து பேனாவை வாங்கி, ஒரே மனுவில் இரண்டு பேர் பெயரையும் எழுதினாள். உறவு என்ற இடத்தில் மனைவி, தாய்.

காத்திருக்கும்போது சொன்னாள்: "உங்களுக்காக வரல. வாரா வாரம் நீங்க வந்துட்டு வந்துட்டுத் திரும்பறீங்கன்னு அந்தக் காவலரு போன வாரம் எங்கிட்ட சொன்னாரு. இது என்னா ஒரு பொழப்புன்னு இருந்திச்சு. ஒரே மனுவா குடுத்தா என்னையும் சேத்துதான வேணாம்னு சொல்லணும்? சொல்லிப் பாக்கட்டும்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "சுவேதாகிட்ட சொல்லிட்டேன் அத்தே. கப்பல் இல்லன்னு. ஸ்கூல்ல எவளோ சொல்லிட்டா. பொய் சொன்னது யாருன்னு கேட்டா என்னைய."

அவள் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன். கையை நீட்டவில்லை.

அவன் வந்தான். முதலில் மாலதியிடம் பேசினான். குழந்தைக்குப் பல் விழுந்ததா, வீட்டு வாடகை, மாமனார் முட்டி வலி. அவள் போனை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனும் வைத்திருந்தான். வைத்துவிடவில்லை.

கேட்டான்: "மாஜிஸ்ட்ரேட்டு கேட்டப்ப நீ யோசிச்சியா மா?"

"யோசிச்சேண்டா. டைப் அடிக்கிறவரு காத்துக்கிட்டே இருந்தாரு. அவ்ளோ நேரம் யோசிச்சேன்."

தலையை ஆட்டினான். கோபமா, இல்லையா, தெரியவில்லை. முகத்தைப் பார்த்து அவனைப் படித்துவிடலாம் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது.

ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன்.

"என் மூக்குக் கண்ணாடி ஒடைஞ்சிடுச்சு. குற்றப்பத்திரிக குடுத்திருக்காங்க, முந்நூறு பக்கம். நீ சொன்னதும் அதுல இருக்குதாம். அந்த நாலு பசங்களப் பத்தி அவுங்க நாட்டுலேர்ந்து அனுப்புன பேப்பரும் இருக்கு. மூஞ்சியோட ஒட்டி வச்சுப் படிச்சா தலவலிக்குது." கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "முழுசா படிக்கணும் மா."

"நம்பர் அதேதானா?"

"அதேதான். மைனஸ் அஞ்சு."

திரும்பும்போது மாலதி பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். ஒரு காப்பி குடிக்கலாமா என்றேன். பஸ் போய்விடும் என்றாள். பிறகு, அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்றாள்.

நாளைக் காலையிலேயே கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும். செய்து தர நான்கு நாள் ஆகும் என்பார்கள். அடுத்த மனு வியாழக்கிழமை.